ஓதம் நுழையும் குளம்: டோக்கியோவின் ஹமாரிக்யூ தோட்டத்தில் ஒரு மாசி மக நாள்

எங்கள் ஜப்பான் பயணத்துக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், மாசி மாதம் என்று கேட்டதுமே முகத்தைச் சுளித்தார். சகுரா எனும் செர்ரி மரங்கள் பூப்பதற்குப் பங்குனி பாதி கழிய வேண்டும் என்றும், அதற்கு முன்னால் போனால் மொட்டை மரங்களையும் குளிரையும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு விடுப்புக் கிடைத்தது அந்த வாரத்தில்தான் என்பதால் நாளை மாற்ற வழியில்லாமல், ராமேசுவரத்துக்கு அருகே எங்கள் ஊரான மண்டபத்திலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு பாதி மனதோடுதான் கிளம்பினேன். அந்த ஆலோசனை எவ்வளவு தவறானது என்பதை எங்கள் கடற்கரையிலிருந்து இனிமேல் அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, ஹமாரிக்யூ தோட்டத்தில் நாங்கள் கழித்த ஒரு முழு நாளைப் பற்றி எழுதுகிறேன். பூவின் நாட்காட்டியைப் பார்த்துப் போகிறவர்களுக்கும் அங்கே பூ உண்டு. ஆனால் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தோட்டம் காட்டுவது வேறொன்று.

‘ஹமா’ என்றால் கடற்கரை. ‘ரிக்யூ’ என்றால் அரச குடும்பத்தார் தலைநகர் அரண்மனையை விட்டு வந்து தங்கும் மாளிகை. பெயர் சொல்வது போலவே டோக்கியோ விரிகுடாவை ஒட்டி, மூன்று பக்கம் அகழி போன்ற கால்வாய்களும் நான்காவது பக்கம் கடலுமாக, ஏறக்குறைய 25 ஹெக்டேர் பரப்பில், அதாவது நம் கணக்கில் 62 ஏக்கர் அளவில் அது கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் ரயில் நிலையத்தின் பெயர் ஷியோதோமே. அந்தச் சொல்லுக்கு ஓதத்தை, அதாவது ஏறி வரும் கடல்நீரை, தடுக்கும் இடம் என்று பொருள் என்று தம்பி சொன்னபோது, பெயரிலேயே கடல்நீரை வைத்திருக்கும் ஊர் என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலையத்திலிருந்து பெரிய வாயில் வரை நடக்க 7 நிமிடம் போதும். நுழைவுக் கட்டணம் 300 யென். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 150 யென். நம் ரூபாயில் 200-க்கும் குறைவான இந்தத் தொகைக்கு ஒரு நாள் முழுவதும் உள்ளே இருக்கலாம். காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள், மாலை 4.30-க்கு மேல் உள்ளே விடுவதில்லை.

வாயிலைத் தாண்டியதும் முதலில் நிற்க வைப்பது ஒரு பைன் மரம். 1709-இல், பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களில் ஆறாவதான இயெநோபு இந்தத் தோட்டத்தைப் பெரிய அளவில் திருத்தி அமைத்ததன் நினைவாக நட்ட மரம் என்கிறார்கள். அதனால் அதற்கு முந்நூறாண்டுப் பைன் என்றே பெயர். உயரத்தைத் தேடி அண்ணாந்து பார்த்தால் ஏமாந்து போவோம். அது மேலே போகாமல் பக்கவாட்டில் போயிருக்கிறது. தரைக்குச் சற்று மேலே, நம் ஊர் ஆலமரத்தின் கிளைகளைப் போல நாலா பக்கமும் நீண்டு கிடக்கும் கொம்புகளுக்குக் கீழே மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கரும்பைன் என்ற இந்த இனம் உப்புக் காற்றைத் தாங்கும் என்பதால்தான் ஜப்பானியர் அதைக் கடலோரங்களில் நட்டிருக்கிறார்கள். தோட்டம் முழுவதும் அந்த மரமே ஆட்சி செய்கிறது. நமக்குப் பனையும் தாழையும் புன்னையும் எப்படியோ அப்படி. கடற்கரைச் சோலைக்குத் தமிழில் ‘கானல்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. இப்போது வெயிலில் தெரியும் பொய்த்தண்ணீருக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லின் பழைய பொருளை அன்று அந்த மரத்தடியில் நின்றபோது உணர்ந்தேன்.

பூக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதை டோக்கியோவின் மாசிக்கு அப்படியே சொல்லலாம். நண்பகலில்கூடக் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. அந்தக் குளிரில் இலை ஒன்றுகூட இல்லாத கரிய கொம்புகளில் பூத்து நிற்கிறது ‘உமே’ என்ற ஜப்பானியப் பிளம். சகுராவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால், பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் பூக்கும் மரம் இது. வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று மூன்று நிறங்களைப் பார்த்தோம். சகுராவில் பெரும்பாலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: மணம். காற்று நின்ற நேரத்தில் மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே மணம் வந்து சேர்ந்தது. இதன் காயைத்தான் ஆனி மாதத்தில் பறித்து உப்பில் ஊற வைத்து வெயிலில் காய வைத்து எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், நார்த்தங்காயை வாலிநோக்கத்து உப்பில் போட்டு மாடியில் காய வைக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த மரம் சட்டென்று நெருங்கிய உறவாகிவிட்டது.

உமே தோப்பைத் தாண்டினால் ஒரு பெரிய வயல். அதில் ‘நானோஹானா’ என்று அவர்கள் அழைக்கும், கடுகுச் செடியின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பூ, இடுப்பளவு உயரத்தில், கண்ணுக்கு எட்டிய வரை பூத்திருந்தது. அதன் பின்னால் ஷியோதோமேயின் கண்ணாடிக் கோபுரங்கள் சுவர் போல எழுந்து நிற்கின்றன. அந்தக் கட்டடங்கள் தோட்டத்தின் அழகைக் கெடுப்பதாகப் பலர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நான் அப்படி நினைக்கவில்லை. தொலைவில் இருக்கும் மலையையும் கோயிலையும் தன் காட்சியின் பின்புறமாகச் சேர்த்துக்கொள்வது ஜப்பானியத் தோட்டக்கலையின் பழைய வழக்கம். கடன் வாங்கிய காட்சி என்று அதைச் சொல்கிறார்கள். இந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஃபுஜி மலையைப் பார்ப்பதற்கென்று மண்ணைக் குவித்து எழுப்பிய ஃபுஜிமியாமா என்ற குன்று இருக்கிறது. இன்று அங்கே ஏறினால் தெரிவது குளமும் பாலங்களும் கோபுரங்களும்தான். ஆனாலும் மஞ்சள் வயலுக்குப் பின்னால் நீலக் கண்ணாடி நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை வெறும் இடைஞ்சல் என்று சொல்லத் தயங்குவார்கள்.

இனி, நான் எழுத வந்த குளம்.

அதன் பெயர் ஷியோயிரி நோ இகே. ஓதம் நுழையும் குளம் என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். டோக்கியோ விரிகுடாவின் கடல்நீரை மடை வழியாக உள்ளே விட்டும் வெளியே விட்டும், கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் குளத்தின் தோற்றம் மாறும்படி வைத்திருக்கிறார்கள். டோக்கியோவுக்கு ‘எதோ’ என்று பெயர் இருந்த காலத்துப் பெருந்தோட்டங்கள் பலவற்றில் இப்படிக் கடல்நீர்க் குளம் இருந்திருக்கிறது. கடல் தூர்க்கப்பட்டுக் கரை தள்ளிப் போனதால் அவை ஒவ்வொன்றாக நன்னீர்க் குளங்களாகிவிட்டன. சற்றுத் தெற்கே இருக்கும் ஷிபாரிக்யூ தோட்டத்தின் குளம்கூட அப்படி மாறியதுதான். டோக்கியோ நகரத்துப் பழைய தோட்டங்களில் இன்றும் கடல் வந்துபோகும் குளம் இந்த ஒன்றே.

எங்களுக்கு இதைப் பலகை சொல்லவில்லை. குளக்கரைக்கு வந்ததும் அப்பா நின்றார், மூக்கை உயர்த்தினார், பிறகு குனிந்து கரைக்கல்லைப் பார்த்தார். "தாயி, இது உப்புத் தண்ணி. கல்லப் பாரு, கொட்டலசு ஒட்டியிருக்கு. இந்த மட்டும் ஏறி இறங்குது" என்று ஒரு கோட்டைக் கைவிரலால் காட்டினார். கரையை அடைத்திருக்கும் கற்களில் ஒரு மட்டத்துக்குக் கீழே கருமையும், கல்லில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசும், சிப்பி ஓடுகளும் இருந்தன; மேலே கல் வெளுத்துக் காய்ந்திருந்தது. ஐம்பது ஆண்டுகள் வல்லத்திலும் விசைப்படகிலும் கடலுக்குப் போன மனிதருக்கு அந்தக் கோடு ஒரு கடிகாரம் போலத் தெரிந்தது. அன்று மாசி மகம். ஊரில் இருந்திருந்தால் தேவிபட்டினத்துக்கோ அக்னி தீர்த்தத்துக்கோ போய்க் கடலில் தலை முழுகியிருக்க வேண்டிய நாளில் ஊரைவிட்டு வந்துவிட்டோமே என்று காலையிலிருந்து குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், குளத்து நீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

நிறைமதி நாளில் போனது எங்கள் நல்ல காலம் என்று இப்போது நினைக்கிறேன். மதியையும் கதிரவனையும் ஒரே கோட்டில் கொண்டுவரும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் மிகுதியாக இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அந்த நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வேறுபாடு காண்பது அரிது. மண்டபத்துக் கரையில் முழங்கால் அளவு மாறினால் அதுவே பெரிது. டோக்கியோ விரிகுடாவில் அது ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அங்கே வசந்த காலத்து நிறைமதி நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடல் நன்றாக வற்றி, மாலை 5 அல்லது 6 மணி அளவில் நிறைகிறது. மடை தடுத்து நெறிப்படுத்துவதால் குளத்துக்குள் அந்த ஏற்றம் முழுதாக வருவதில்லை என்றாலும், காலை பத்தரை மணிக்கு உள்ளே போய் மாலை நான்கரை வரை இருக்கிறவர் நீர் இறங்குவதையும் திரும்ப ஏறுவதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆகவே ஜப்பானிய வானிலைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் நம் வீட்டு நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தாலே போதும்.

கடலும் குளமும் சேரும் இடத்தில் இருக்கும் மடையை அப்பா வெகுநேரம் பார்த்தார். நம் கண்மாய்களின் மடையும் கலுங்கும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைநீரைத் தேக்கி, கணக்காகத் திறந்து, வயலுக்கு அனுப்புவதற்காக வந்தவை. ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு மடை என்றால் வறட்சிக்கு எதிரான ஒரு காவல். இங்கேயோ ஒரு நாளைக்கு இருமுறை தானாக வந்து தானாகப் போகும் நீரை, அழகுக்காகவும் மீனுக்காகவும் வாங்கிவைத்து அனுப்புகிறார்கள். அந்த மடை வழியாகவே மடவையும், உளுவையும், விலாங்கும், கொடுவாவைப் போன்ற ஒரு மீனின் குஞ்சுகளும் குளத்துக்குள் வருகின்றன. நீருக்கு மேலே துள்ளிய மடவையைக் கண்டதும் அப்பா பெயர் சொன்னார். தம்பி அதன் ஜப்பானியப் பெயர் ‘போரா’ என்றான். தோட்டங்களில் வண்ணக் கெண்டைகளை மட்டுமே பார்த்துப் பழகியிருந்த தம்பிக்கு, தான் ஆறு ஆண்டுகளாக வாழும் ஊரில் இப்படி ஓர் இடம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இது சுற்றி நடந்து பார்ப்பதற்காக அமைத்த தோட்டம். எதோ காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடு வரை, சிற்றரசர்களும் ஷோகன்களும் இந்த வகையை வளர்த்தார்கள். நடுவில் குளம், குளத்தைச் சுற்றி வளைந்து செல்லும் பாதை, பாதையோரம் செயற்கைக் குன்றுகள், பாலங்கள், தேநீர் மாளிகைகள் என்பது அதன் பொது அமைப்பு. 1,212 தூண்கள் கொண்ட ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நுழைந்தால் தூண் வரிசை நேர்கோட்டில் நீண்டு, கண் கடைசி வரை ஓடிவிடுகிறது; அந்த முடிவில்லாத நேர்கோடுதான் அங்கே நம்மைப் பணிய வைக்கிறது. இங்கே நேர் எதிரான முறை. எந்த இடத்தில் நின்றாலும் தோட்டம் முழுதாகத் தெரியாது. ஒரு குன்று மறைக்கிறது. நான்கு அடி எடுத்து வைத்தால் பைன் கொம்புக்கு அடியில் பாலம் தெரிகிறது. இன்னும் பத்து அடியில் பாலம் மறைந்து நீர் மட்டும் நிற்கிறது. அதனால் நிழற்படம் எடுத்துக்கொண்டு விரைந்து போகிறவருக்கு இந்த இடம் குறைவாகவே கொடுக்கும். நாங்கள் ஒருமுறை வலமாகவும், உணவு வேளைக்குப் பிறகு ஒருமுறை இடமாகவும் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் காலையில் பார்த்த பல இடங்களை எங்களால் அடையாளம் காண முடியவில்லை. அதற்கு நீர்மட்டம் மாறியிருந்ததும் ஒரு காரணம்.

குளத்தின் நடுவே தீவில் இருக்கும் தேநீர் மாளிகைக்குப் போகும் மரப்பாலத்தின் நீளம் 118 மீட்டர். ஹினோகி என்ற சைப்ரஸ் மரத்தால் ஆனது. நீருக்கு மிக அருகில் தாழ்வாகப் போகிறது. மாளிகையில் காலணியைக் கழற்றிவிட்டு, நம் கோரைப்பாயை விடத் தடிப்பான பாய் விரித்த தரையில் அமர்ந்தால், ஓர் இனிப்பும் பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கிய ஒரு கிண்ணம் மாச்சா தேநீரும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதன் விலை நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம். இருந்தும் அதைத் தவிர்க்க வேண்டாம் என்பேன். பயற்று விழுதும் சர்க்கரையும் கொண்டு செய்த அந்த இனிப்பை முதலில் தின்றுவிட்டுத்தான் தேநீரைக் குடிக்க வேண்டும். முதல் மடக்கில் அகத்திக்கீரை வெந்த நீரின் கசப்பு. இரண்டாவது மடக்கில் நாவில் நின்ற இனிப்பு அந்தக் கசப்போடு கலந்து வேறொரு சுவையாகிறது. முதலில் கிண்ணத்தைத் தள்ளி வைத்த அப்பா, கதவுக்கு வெளியே நீரைப் பார்த்தபடி முழுவதையும் குடித்து முடித்தார். 1879-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் இந்தத் தோட்டத்து விருந்தினர் மாளிகையில் தங்கியிருந்தபோது, பேரரசர் மெய்ஜி அவரைச் சந்தித்துப் பேசியது இந்தத் தீவு மாளிகையில்தான். இப்போது இருப்பது 1983-இல் திரும்பக் கட்டியது.

திரும்பக் கட்டியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1923-இன் பெருநிலநடுக்கத்திலும், பிறகு இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிலும் இங்கிருந்த பழைய கட்டடங்கள் அழிந்தன. போர் முடிந்த 1945-இல் பேரரச குடும்பம் இதை நகருக்குக் கொடையாக அளிக்க, 1946 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்குப் பின் தேநீர் மாளிகைகளைப் பழைய இடத்தில் பழைய முறையிலேயே ஒவ்வொன்றாக எழுப்பி வருகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்து, பதினொரு வயதில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த அப்பாவிடம் நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மாளிகையின் தூண் ஒன்றில் கையை வைத்துவிட்டு வந்தார்.

வாத்துப் பிடிக்கும் களங்கள் இரண்டைப் பார்க்காமல் பலர் போய்விடுகிறார்கள். 1778-இல் ஒன்றும் 1791-இல் மற்றொன்றும் அமைந்தவை. நடுவில் ஒரு குளம். அதிலிருந்து மண்மேடுகளுக்கு நடுவே குறுகிய வாய்க்கால்கள் பிரிகின்றன. மேட்டின் மறுபுறம் சிறு துளை வைத்த காவல் குடில். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகளை, பழக்கிய வாத்துகளை விட்டு, மரப்பலகையைத் தட்டி, தானியம் தூவி வாய்க்காலுக்குள் இழுத்து, மேட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பவர்கள் வலையாலோ பருந்தாலோ பிடித்திருக்கிறார்கள். இனத்தைக் கொண்டே இனத்தைப் பிடிக்கும் அந்தப் பழக்கிய விலங்குக்குத் தமிழில் ‘பார்வை’ என்று பெயர்; பார்வை மான், பார்வைக் கௌதாரி என்று நம் வேட்டைக்காரர்கள் சொன்னதெல்லாம் இதுவே. களத்துக்கு அருகில், இறந்த வாத்துகளின் உயிர் அமைதி கொள்வதற்காக 1935-இல் நாட்டிய ஒரு நினைவுக்கல் நிற்கிறது. வேட்டையாடியவர்களே அதை எழுப்பியிருக்கிறார்கள் என்பது என்னை வெகுவாகத் தொட்டது. நாங்கள் போன அன்று குளத்தில் தட்டைவாயன் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வட்டமடித்துக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்துப் பறவைச் சரணாலயங்களான சித்திரங்குடிக்கும் மேலச்செல்வனூருக்கும் வாடைக் காலத்தில் வரும் அதே இனம். வசந்தம் முதிர்ந்தால் இவை வடக்கே போய்விடும். ஆகவே சகுராவுக்காகத் தாமதித்துப் போகிறவர் இழப்பது உமேயை மட்டுமல்ல, இந்த வாத்துகளில் பெரும்பாலானவற்றையும்தான்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இங்கே இன்னும் நிறைய உண்டு. 1654-இல், நம் சீமையைத் திருமலை சேதுபதி ஆண்டுகொண்டிருந்த காலத்தில், நான்காவது ஷோகனின் தம்பி மத்ஸுதாய்ரா த்ஸுனாஷிகே நாணல் மண்டிய கடல் தரவையைத் தூர்த்து மாளிகை எழுப்பியதில் இந்த இடத்தின் கதை தொடங்குகிறது. எட்டாவது ஷோகன் யோஷிமுனே காலத்தில் வியட்நாமிலிருந்து 1728-இல் நாகசாகியில் இறங்கிய ஒரு யானை, கியோத்தோவில் பேரரசரின் முன் நின்றுவிட்டு, எதோ வரை நடந்தே வந்து சேர்ந்தது. பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் இந்தத் தோட்டத்தில்தான் வாழ்ந்தது. அக்குளிரில், தன் இனத்தில் வேறொன்றைக் காணாமல் அது இங்கே நடந்து திரிந்ததை எண்ணியபோது, கோயில் யானையைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு மனம் கனத்தது.

கடலைப் பார்த்த பக்கத்தில் நீருக்குள் இறங்கும் கற்படிகள் இருக்கின்றன. கடைசி ஷோகன் யோஷிநோபு, 1868-இன் தொடக்கத்தில் போரில் தோற்று, ஓசாகாவிலிருந்து கப்பலில் வந்து கரையேறிய துறை அது. ஓர் ஆட்சி முடிந்ததைக் கண்ட படிகள் என்பதால் அவற்றின் அருகே சற்று நேரம் அமர்ந்தோம். அப்போது பாம்பனில் இருக்கும் மற்றொரு துறை எனக்கு நினைவுக்கு வந்தது. 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் வந்திறங்க, ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்ற குந்துகால்தான் அது. விவேகானந்தர் 1893-இல் சிகாகோவுக்குப் போகும் வழியில் ஜப்பானில் தங்கி, யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் சிறு செடிகளும் சிறு நீர்நிலைகளும் சிறு கற்பாலங்களும் கொண்ட தோட்டம் இருப்பதை வியந்து குறிப்பிட்டிருக்கிறார். நம் கடற்கரைக்கும் ஜப்பானியத் தோட்டத்துக்கும் இப்படியொரு மெல்லிய நூல் உண்டு என்பதைப் பாம்பன் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மாசியில் புல்தரை காய்ந்து வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். அந்த நாட்டுப் புல்லின் இயல்பு அது. பசும்புல்லை எதிர்பார்ப்பவர் வைகாசியில் போகலாம். பாதைகளில் சரளைக்கல் பரவியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தடித்த அடிப்பகுதி கொண்ட காலணி அணிவது நலம்; உட்காருவதற்கு இருக்கைகள் இடைவெளி விட்டு இருக்கின்றன. கடற்காற்றுக்குக் காதை மூடும் துணி கட்டாயம் வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்துக்கும் மார்ச் மூன்றாம் வாரத்துக்கும் இடையே முதன்முதலாகத் தெற்கிலிருந்து வீசும் பலத்த காற்றை, வசந்தத்தின் முதல் காற்று என்று வானிலைத் துறையே அறிவிக்கிறது. அந்த நாளில் குளிர் குறைந்தாலும் குளம் கலங்கித் தெரியும். சைவ உணவுக்காரர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதே பாதுகாப்பு. நாங்கள் தம்பி வீட்டிலிருந்து எடுத்துப்போன புளியோதரையை இருக்கையில் அமர்ந்து உண்டுவிட்டு, இலையையும் தாளையும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தோம். உமேயை மட்டும் பெருந்திரளாகக் காண வேண்டும் என்பவர்கள் டோக்கியோவுக்கு வடகிழக்கே மிதோ நகரில், 1842-இல் திறந்த கைராகுஎன் தோட்டத்துக்குப் போகலாம். அங்கே ஏறக்குறைய 3,000 மரங்கள். ஆனால் அங்கே கடல் உள்ளே வராது. ஒரே ஒரு தோட்டம்தான் பார்க்க முடியும் என்ற நிலையில் மண்டபத்திலிருந்தோ, தொண்டியிலிருந்தோ, கீழக்கரையிலிருந்தோ யாராவது என்னைக் கேட்டால், நான் தயங்காமல் ஹமாரிக்யூவைத்தான் சொல்வேன். திரும்பும்போது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் படகுத்துறையிலிருந்து சுமிதா ஆறு வழியாக அசாகுசா வரை பயணியர் படகில் போகும் வசதியும் உண்டு; படகு நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படகுக்குப் போகவில்லை. நான்கு மணிக்கு மேல் அப்பா எங்களை மறுபடியும் குளக்கரைக்கு அழைத்துப் போனார். காலையில் அவர் விரல் வைத்துக் காட்டிய கல்லைத் தேடினோம். கொட்டலசு ஒட்டியிருந்த பகுதி முழுவதும் நீருக்கு அடியில் போயிருந்தது. வெளுத்த பகுதியின் விளிம்பில் நீர் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. பைன் கொம்பின் நிழல் காலையில் சேற்றில் விழுந்த இடத்தில் இப்போது நீரில் அசைந்தது. மூடும் நேரத்தை அறிவிக்கும் குரல் ஒலிபெருக்கியில் வந்ததும் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்பா அசையவில்லை. "இன்னும் ஒரு சாண் ஏறும்" என்றார். அந்த ஒரு சாணும் ஏறி முடிக்கும்வரை நிற்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை என்பதால், அவரைக் கைப்பிடித்து வாயிலை நோக்கி நடந்தோம்.